இருபத்து மூன்றாம் கேள்வி

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் கற்பனையில் பிறக்கவில்லை, டைப்ரைட்டரில் பிறந்தது. 1991-இல், தாம்பரத்துக்கும் வண்டலூருக்கும் நடுவே ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில்* நான் ஸ்டெனோ. ஆய்வகப் பாதுகாப்புத் தணிக்கைக்கான படிவத்துக்கு ஸ்டென்சில் அடித்தவள் நான்தான். நாற்பது கேள்விகள். எல்லாவற்றுக்கும் ஆம் அல்லது இல்லை. அதில் இருபத்து மூன்றாவது கேள்வி ஒருத்தியின் கையைச் சுட்டது, ஒருவனின் வேலையைத் தின்றது.

அதைத்தான் எழுதப் பார்க்கிறேன். நாலு தடவை ஆரம்பித்துக் கிழித்தாயிற்று.

(*பெயர் கேட்காதீர்கள். ரயில் ஜன்னல் வழியாகத் தேடவும் வேண்டாம், கிடைக்காது.)

2

முதல் ஆரம்பம்: "அன்று காலை இரும்புலியூர் ஏரியின் மேல் பனி..." வேண்டாம். பனிக்கும் இந்தக் கதைக்கும் என்ன சம்பந்தம்?

இரண்டாவது: "சாம்பசிவன் நல்லவர்." இது இருக்கட்டும். சந்தேகம் வந்தால் பிறகு அடித்துக்கொள்ளலாம்.

சாம்பசிவன் வேதியியல் துறையில் ரீடர். எங்கோ ஒரு ஆய்வகத்தில் சின்னதாகத் தீப்பிடித்ததும் பதிவாளர் அவரைக் கூப்பிட்டு, "ஏதாவது செய்யுங்க சார்" என்றார். வேறு ஆளாக இருந்தால் ஒரு சுற்றறிக்கை அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார். இவர் அறுபத்து மூன்று ஆய்வகங்களிலும் ஏறி இறங்கினார். தீயணைக்க வைத்த மணல் வாளி நிறைய பீடித்துண்டு. கண் கழுவ வைத்த குழாயில் டிபன் பாக்ஸ் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஒரு ஃபிரிட்ஜுக்குள் சட்டென்று தீப்பிடிக்கும் ஈதர் புட்டியும் தயிர்சாதமும் பக்கத்துப் பக்கத்தில். "அட கண்றாவியே!" என்று அங்கேயே தலையில் அடித்துக்கொண்டார்.

இரண்டு வருஷம் மன்றாடினார். பேராசிரியர்கள் மசியவில்லை. "எங்க லேப்ல நுழைய இவர் யாரு?" என்றார்கள். அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது: மார்க். கேள்விக்கு ஒரு மார்க், அதிக மார்க் வாங்கும் ஆய்வகத்துக்குச் சுழல் கேடயம். நம் ஆட்கள் இருக்கிறார்களே, உயிர் போகும் என்றால் அசையமாட்டார்கள். மார்க் போகும் என்றால் பதறுவார்கள். தலை நரைத்த பேராசிரியர்களெல்லாம் பரீட்சைக்குப் போகும் பிள்ளைகள் மாதிரி ஆனார்கள். தணிக்கைத் தேதியை முன்கூட்டியே சொல்வதுதான் மரியாதை என்று அதையும் சொல்லிவிட்டோம்.

3

தணிக்கைக்கு முந்தின நாள் சாயங்காலம். சாம்பசிவன் ரயிலைப் பிடிக்க வேகமாக நடந்துகொண்டிருந்தார். ஆய்வக உதவியாள் தயாளன் மூச்சிரைக்க ஓடிவந்தான். ஒன்பது வருஷமாகத் தினக்கூலி. அவனை நிரந்தரமாக்கும் உத்தரவு அப்போது பதிவாளர் மேஜையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது.

"சார், சார்! லேபிள் இல்லாத பாட்டிலு முப்பது கீது சார். ஆசிட்டு பட்டு எல்லாம் அரிச்சிப் பூட்ச்சி. உள்ள இன்னா கீதுன்னு எவனுக்கும் தெரில. இன்னா பண்றது?"

சாம்பசிவன் கடிகாரத்தைப் பார்த்தார். "லேபிள் இல்லாம ஒண்ணுகூட இருக்கக் கூடாதுப்பா. மார்க் போயிடும். எப்படியாவது ஒட்டிடு."

"எப்படியாவதா சார்?"

"எப்படியாவது!"

[பக்கத்தில் ஒரு ஸ்டெனோ நின்றிருந்... இல்லை, இந்த வாக்கியம் இப்போது வேண்டாம்.]

இருட்டுவதற்குள் தயாளன் முப்பதையும் முடித்தான். மோந்து பார்த்தான், ஆட்டிப் பார்த்தான், பக்கத்துப் புட்டியோடு ஒப்பிட்டுப் பார்த்தான். நிறமில்லாமல் எண்ணெய் மாதிரி கெட்டியாக இருந்த ஒன்றில், குண்டு குண்டான எழுத்தில் 'கிளிசரின்' என்று எழுதி ஒட்டினான். உள்ளே இருந்தது அடர் கந்தக அமிலம்.

மறுநாள் இருபத்து மூன்றாம் கேள்வி: எல்லாப் புட்டிகளிலும் லேபிள் உள்ளதா? ஆம். நாற்பதுக்கு நாற்பது. கேடயம், கைதட்டல், போட்டோ.

பதினோராம் நாள் ஜெயக்கொடி என்ற ஆராய்ச்சி மாணவிக்கு, ரப்பர் கார்க்கில் கண்ணாடிக் குழாயைச் செருக வேண்டியிருந்தது. வழுக்கிக்கொண்டு போகட்டும் என்று எல்லோரும் கிளிசரின் தடவுவார்கள். அவளும் கையில் ஊற்றித் தடவினாள்.

அந்த அலறலை எழுதிப் பார்த்தேன், முடியவில்லை. வலது கையில் மூன்று விரல்கள் வெந்துபோயின. புண் ஆறிய பிறகும் இரண்டு விரல்கள் நிமிரவில்லை.

4

விசாரணையில் பதிவாளர் சுற்றி வளைக்கவில்லை. "படிவத்துல தப்புன்னா சொல்லுங்க சாம்பசிவன், இன்னிக்கே திட்டத்த மூடிடலாம். ஆளு மேல தப்புன்னா ஆளை அனுப்பிட்டு நாம தொடரலாம்."

சாம்பசிவன் எதிரில் இருந்த படிவத்தைப் பார்த்தார். அன்று அந்தப் பையன் கேட்டானே, ஒரு நிமிஷம் நின்றிருந்தால் என்ன, அடுத்த ரயில் இல்லையா? ஆனால் உண்மையைச் சொன்னால் திட்டம் போச்சு. ஈதர் மறுபடி தயிர்சாதத்துக்குப் பக்கத்தில் போய் உட்காரும். அடுத்த தடவை விரலோடு நிற்காது. மூடுவதற்கென்றே நாலு பேராசிரியர்கள் எதிரில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் வாயைத் திறந்தார்.

(மாற்று வரைவு: "தப்பு என்னுடையது சார். அவன் கேட்டான், எப்படியாவது ஒட்டு என்றது நான்தான்" என்றார் சாம்பசிவன். இதை மூன்று முறை டைப் செய்தேன். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. அவர் சொல்லவில்லை.)

"ஆளோட கவனக்குறைவு சார்" என்றார்.

அங்கே நான் எடுத்த சுருக்கெழுத்தில் அது ஒரு சின்னக் கிறுக்கல். தயாளனை யாரும் கூப்பிட்டு விசாரிக்கவில்லை, தினக்கூலிக்கு விசாரணை எதற்கு? நாளையிலிருந்து வரவேண்டாம் என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். நிரந்தர உத்தரவை ரத்து செய்யும் கடிதத்தை அடித்தவளும் நானே.

5

விட்ட வாக்கியத்துக்கு வருகிறேன். அந்த ஸ்டெனோ நான்தான். அதே ரயிலுக்காக, சாம்பசிவன் பக்கத்தில் கைப்பையோடு நடந்துகொண்டிருந்தேன். ஒவ்வொரு வார்த்தையும் காதில் விழுந்தது. விசாரணை அறையில் என்னை யாரும் கேட்கவில்லை. கேட்காமலே சொல்லியிருக்கலாம். என் வேலையும் போய்விட்டால் என்ற பயத்தில் நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

சாம்பசிவனைக் குற்றவாளியாக்கிக் கதையை முடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அது நியாயமில்லை. அடுத்த வருஷமே அவர் மார்க்கையும் கேடயத்தையும் தூக்கி எறிந்தார். தேதி சொல்லாமல் போக ஆரம்பித்தார். இருபத்து மூன்றாம் கேள்வியை, 'லேபிளை எழுதியவர் யார், எந்த ஆதாரத்தில்?' என்று மாற்றினார். அதனால் எத்தனை கைகள் தப்பினவோ, யாருக்குத் தெரியும்?

ஓய்வு பெற்ற அன்று, தாம்பரம் பிளாட்பாரத்தில், கழற்றிய மாலையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"காந்திமதி, அன்னிக்கு தயாளன்கிட்ட நான் சொன்னது... உங்க காதுல விழுந்துதா?"

"எது சார்?" என்றேன்.

அவர் முகம் அப்படியே தெளிந்தது. பாவி நான், அந்தப் பொய்யைத்தான் அவருக்கு வழியனுப்பாகக் கொடுத்தேன்.

6

முடிவுகள் சில கைவசம் இருக்கின்றன. ஜெயக்கொடி தயாளனைத் தேடிப் போய் மன்னிக்கிறாள். சாம்பசிவன் ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டு... தயாளனுக்கு வேறு கல்லூரியில் நிரந்தர வேலை... சேச்சே! எல்லாம் என் மனசாட்சிக்கு நானே போட்டுக்கொண்ட தாலாட்டு.

நடந்தது இது. 1996, குரோம்பேட்டை பஸ் ஸ்டாப். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு கடைக்கு மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவன் என்னைப் பார்த்ததும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தான். தயாளன்.

"அக்கா! நல்லாக்கீறியா?"

வேண்டாம் என்றாலும் கேட்காமல் டீ வாங்கிக் கொடுத்தான். ஜெயக்கொடியின் கை எப்படி இருக்கிறது என்றுதான் முதலில் கேட்டான். பிறகு சொன்னான்:

"சார் மேல கோவம் இல்லக்கா. பெரிய மனுசன், பயந்துகினாரு. நீகூட அன்னிக்கு அங்க நின்னுகினு இருந்த. ஆனா உனுக்குக் கேட்டிருக்காது. கேட்டிருந்தா அக்கா சும்மா இருந்திருக்காதுன்னு எங்க வூட்ல அம்பது தபா சொல்லிகீறேன். நம்பவே மாட்றாங்க. இன்னாக்கா, கேக்கல இல்ல?"

பஸ் வந்து நின்றது. நான் ஒரு பதில் சொன்னேன். அதை இங்கே எழுதினேன், அடித்தேன், மறுபடி எழுதினேன், மறுபடி அடித்தேன். என்னால் ஆகாது. இந்த இடத்தில் நீங்கள் வந்து நில்லுங்கள். கேட்டது என்றால் அஞ்சு வருஷமாக வீட்டில் அவன் எனக்காகப் போட்ட சண்டையெல்லாம் வீண். கேட்கவில்லை என்றால் அவனை இரண்டாம் தடவையும் நான்தான் வெளியே அனுப்புகிறேன்.

சொல்லுங்கள். அவன் சிரித்தபடி உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.