பயம் இல்லை, காது

பதினோரு வருடமாக டவர் கிரேன் ஓட்டுகிறேன். நாற்பது மாடி உயரத்து கேபினில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன், கீழே இருப்பவர்களோடு ரேடியோவில் சண்டை போட்டிருக்கிறேன். என்னைப் போய் பயந்தாங்கொள்ளி என்றால் எப்படி இருக்கும்?

திங்கட்கிழமை காலை படுக்கையில் வலப்பக்கம் புரண்டேன். அறையே கிறுகிறுவென்று சுற்றியது. அரை நிமிடத்தில் நின்றுவிட்டது.

"பித்தம்மா, வேற ஒண்ணுமில்ல" என்றார் என் வீட்டுக்காரர். அவருக்குக் கால் சுளுக்கினாலும் பித்தம்தான். நானும் தலையாட்டிவிட்டு வேலைக்குப் போனேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

புதன்கிழமை கேபினில் அண்ணாந்து பார்த்தேன். மறுபடியும் சுற்றல். கொக்கியில் கம்பிக் கட்டு தொங்குகிறது, கீழே ஆட்கள். பிரேக் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். சுற்றல் நின்றதும் கட்டைப் பத்திரமாக இறக்கிவிட்டு, ஏணியைக் கெட்டியாகப் பிடித்து இறங்கி வந்து, தலை சுற்றியதைச் சூப்பர்வைசரிடம் சொன்னேன்.

"உயரம் பயம் காட்டுதுக்கா. வயசாகுதுல்ல? ஸ்டோர்ல உட்காந்துக்கங்க" என்று சூப்பர்வைசர் ஒரு தாளை நீட்டினார். 'பயம் காரணமாக இடமாற்றம் வேண்டும்' என்று நான் கேட்பதாக அவரே எழுதி வைத்திருந்தார். கையெழுத்துப் போட்டால் என் கேபின் போனது போனதுதான். வந்ததே எனக்குக் கோபம்!

"படுக்கை ஒண்ணரை அடி உயரம் தம்பி. அதுலயும்தான் சுத்துது!" தாளைப் பிடுங்கிக்கொண்டு நேராக டாக்டரம்மாவிடம் போனேன்.

"மயக்கமா, சுத்தலா?" என்று கேட்டார்.

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"கண்ணு இருட்டி விழப்போனா மயக்கம். நீங்க சும்மா இருக்க, வீடு சுத்தினா அது வேற."

தலையை ஒரு பக்கம் திருப்பிச் சட்டென்று மல்லாக்கப் படுக்க வைத்தார். ஐயோ, அதே சுற்றல்! என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தவர், "காதுதான்" என்றார். உள்காதில் இருக்கும் பொடித் துகள் இடம் மாறிவிட்டதாம். தலையை மெல்லத் திருப்பித் திருப்பியே அதை இடத்துக்குக் கொண்டுபோகப் பார்த்தார்.

"பேச்சு குழறினா, ஒண்ணு ரெண்டா தெரிஞ்சா, ஒரு பக்கம் மரத்துப்போனா, நடக்க முடியலேன்னா, தாங்க முடியாத தலைவலி வந்தா, அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு ஓடணும். பித்தம்னு படுத்துடாதீங்க. ஒரு வாரம் கழிச்சு நான் பாத்துச் சொல்ற வரைக்கும் கிரேன் ஏறக் கூடாது."

மறுநாள் அத்தனை பேர் முன்னாலும் சூப்பர்வைசர் சிரித்தார். "காதா? பயமில்லேன்னா இப்பவே ஏறிக் காட்டுங்க."

ஏறிவிடத்தான் கால் துடித்தது.

"ஏற மாட்டேன். இவங்க தலைக்கு மேல இரும்பு தூக்குறவ நான். சுத்துற தலையோட ஏறி வீரம் காட்ட எனக்கென்ன கிறுக்கா?"

அவர் தாளிலேயே 'பயம்' என்பதை அடித்து 'காது' என்று எழுதினேன். 'இடமாற்றம்' என்பதை அடித்து 'ஒரு வாரம் விடுப்பு' என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டு நீட்டினேன்.

"சரி, மறுபடி சுத்தினா?"

"மறுபடி இறங்குவேன். மறுபடி டாக்டர்கிட்ட போவேன். மறுபடி வந்து இதே இடத்துல நிப்பேன். கேபின் என்னுது தம்பி."