சிவப்பு உறைக் கசெற்

கோவில் சுவாமி ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த பப்பாவின் நெற்றியில் கடைசி எண்ணெய் பூசி முடித்துவிட்டு, "எமிலியானுஸ் ஐயா, ஆரோடையாவது மனத்தாங்கல் இருந்தால் இப்பவே தீர்த்துப்போடுங்கோ," என்றார். பப்பா கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "ஆர் வந்தாலும் வரட்டும். நீக்கிலாப்பிள்ளையை மட்டும் கூப்பிடாதேங்கோ."

சுவாமி என்னைப் பார்த்தார். நான் சன்னலைப் பார்த்தேன். முப்பத்துமூன்று வருடமாக அந்தப் பெயரைக் கேட்டால் நான் எங்கேயாவது திரும்பிக்கொள்கிறேன். பழகிவிட்டது.

அன்று காலையில்தான் நீக்கிலாப்பிள்ளை மாமா மொன்றியலின் மேற்குப் பக்கம், பியர்பொன்ட்ஸில் இருந்து போன் எடுத்திருந்தார். எண்பத்திரண்டு வயது. "இமெல்டா, கொப்பர் கண்ணை மூட முந்தி ஒருக்கால், நீ எடுக்கேல்லையடா எண்டு என்னட்டைச் சொல்லச் சொல்லு பிள்ளை. ஆரும் ஒராள் பக்கத்திலை நிக்கேக்குள்ளை சொல்லச் சொல்லு. எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம்." ஓம் மாமா, கேட்டுப் பாக்கிறன் என்றேன். நாசமாய்ப்போன வாய், ஓம் சொல்ல மட்டும் நல்லாய் வரும். அவர் எடுக்கவில்லை என்று எனக்குத் தெரியாதா? எடுத்தது நான்.

பப்பாவை மொன்றியல் தமிழர் எல்லாருக்கும் தெரியும். கலியாண மண்டபத்தில் கட்லட் தட்டு சுற்றத் தொடங்கினால் அவர் போட்ட பொப் பாட்டும் தொடங்கும். எழுபதுகளில் கொழும்பில் அவர் தயாரித்த அந்தக் கசெற்றின் சிவப்பு உறையை எங்கள் வயதுக்காரர் தூரத்தில் கண்டாலே சொல்லிவிடுவார்கள். ஆரும் வந்து கையைப் பிடித்துப் பாராட்டினால் பப்பா சிரிப்பார். வீட்டுக்கு வந்து, "அது சோத்துக்குச் செய்த சாமான்," என்பார்.

சோற்றுக்கு முந்தி அவரிடம் ஜாஸ் இருந்தது. யாழ்ப்பாணத்துக் குருநகர்க் கோவில் பாண்டில் பித்தளைக் கொம்பு ஊதப் பழகிய மனிதன், கொழும்பில் கடற்கரை ஹோட்டல் ஒன்றில் பதினான்கு பேரை வைத்து ஜாஸ் பாண்ட் நடத்தினார். ஒவ்வொருத்தனும் வாசிக்க வேண்டியதைத் தன் கையாலேயே எழுதிக் கொடுப்பார். ஊதுகிறவன் மூச்சு எடுக்கும் இடத்தைக்கூட எழுதியிருப்பாராம். ட்றம்ஸ் அடித்தவர் நீக்கிலாப்பிள்ளை மாமா. எழுபத்தோராம் ஆண்டு ஒரு பின்னேரம், ஹோட்டல் மண்டபத்தைப் பூட்டிக்கொண்டு அரைமணித்தியாலத்துக்கு வாசித்துப் பதிந்தார்கள். அது ஒன்றுதான் பதிவு. பிறகு ஹோட்டல்காரர் பதினான்கு பேருக்குச் சம்பளம் இல்லை என்றார்கள். பப்பா பொப் பாட்டுக்குப் போனார். ஒரு பெட்டை, இரண்டு கிற்றார், இரண்டு கொம்பு, மூன்று நிமிடம், முடிந்தது. ஆனால் அந்தப் பாட்டுகளையும் கவனித்துக் கேட்டால், பெட்டை பாடிக்கொண்டிருக்கப் பின்னால் கொம்புகள் வேறு ஏதோ பெரிய விஷயம் கதைத்துக்கொண்டிருக்கும்.

எண்பத்துமூன்று கலவரத்தில் எங்கள் வெள்ளவத்தை வீட்டோடு ஜாஸ் நாடா எரிந்தது. குருநகரில் கிடந்த ஒரு கசெற் பிரதிதான் மிச்சம். எண்பத்தாறில் நானும் பப்பாவும் கனடாவுக்கு வெளிக்கிட்டோம். ஏஜென்சிக்காரன் இரண்டு பேரைத்தான் ஏற்றுவேன் என்றதால் அம்மா பிறகு வாறன் என்று நின்றுவிட்டா. ஆனையிறவு ஆமி முகாமைத் தாண்ட வேண்டும். எழுத்தில்லாத கசெற்றைக் கண்டால் ஆமிக்காரன் இயக்கத்தின் பேச்சு என்று ஆளையும் சேர்த்து மறித்துவிடுவான். கடையில் விற்கிற பாட்டுக் கசெற் என்றால் விட்டுவிடுவான். பப்பா தன்னுடைய சிவப்பு உறைக் கசெற் ஒன்றை எடுத்து, அதிலிருந்த பொப் பாட்டுக்கு மேலேயே ஜாஸைப் பதிந்து, மற்றச் சிவப்புக் கசெற்றுகளோடு கலந்து கொண்டுவந்தார். பூஞ்சணம் பிடித்த பழைய பிரதியை எறிந்துவிட்டார். இதை எனக்குச் சொன்னாரா? இல்லை. பெட்டைக்கு ஏன் சொல்லவேண்டும்! நீக்கிலாப்பிள்ளை மாமா மொன்றியலுக்கு வந்து எங்களுடைய பார்க் எக்ஸ்டென்ஷன் வீட்டில் தங்கியிருந்தபோது, நான் வேலைக்குப் போன நேரம் அவருக்கு மட்டும் ஒருக்கால் போட்டுக் காட்டியிருக்கிறார். அந்த மனிதன் பிரதி எடுத்துத் தரச்சொல்லிக் கெஞ்சியிருக்கிறார். நாடா தேய்ந்துபோகும் என்று பப்பா மறுத்துவிட்டார்.

தொண்ணூற்றோராம் ஆண்டு மாசி மாதம். யாழ்ப்பாணத்துக்குப் போன் இல்லை. ஊருக்குப் போகிற ஆரிடமாவது கசெற்றில் பேசிக் கொடுத்துவிடுவோம், அதுதான் கடிதம். எங்கள் கோவில் அக்கா ஒருவர் அடுத்த நாள் வெளிக்கிடுகிறா என்று பின்னேரம்தான் தெரியவந்தது. வெளியே முழங்காலளவு ஸ்னோ, மூலை டெப்பனர் கடையும் பூட்டு. பப்பாவின் கட்டிலுக்குக் கீழே சிவப்புக் கசெற் இருபது கிடந்தது. அவரே கேட்காத பாட்டு, ஒன்று போனால் என்ன வந்தது என்று கையில் அகப்பட்டதை எடுத்தேன். கடைக் கசெற்றில் மேலே பதியமுடியாதபடி விளிம்பில் இரண்டு ஓட்டை இருக்கும். செலோரேப் ஒட்டினால்தான் பதியலாம். அதில் ஏற்கெனவே ஒட்டியிருந்தது. ஒரு வேலை மிச்சம் என்று சந்தோசப்பட்டேன், பேய்ச்சி. ஏன் ஒட்டியிருக்கிறது என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கக்கூடாதா? ஒரு பக்கம் முழுக்கவும், மற்றப் பக்கம் முடியச் சில நிமிடம் இருக்கும்வரைக்கும் அம்மாவோடு கதைத்தேன், அழுதேன், குளிரைத் திட்டினேன். கொடுத்துவிட்டேன்.

பங்குனி நடுவில் பப்பா தேடத் தொடங்கினார். பத்தொன்பது கசெற்றையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். பத்தொன்பதிலும் அந்தப் பெட்டைதான் பாடினாள். அப்போதுதான் எனக்கு விஷயத்தைச் சொன்னார். ஒட்டியிருந்த செலோரேப் ஏனென்று விளங்கியது. இன்றைக்குக் கோபமாய் இருக்கிறார், நாளைக்குச் சொல்லுவோம் என்று இருந்தேன்.

உயிர்த்த ஞாயிறு பூசை முடிந்து கோவில் மண்டபத்தில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டு நின்றபோது பப்பா நீக்கிலாப்பிள்ளை மாமாவின் சேட்டுக் கழுத்தைப் பிடித்தார். "கள்ளா! பிரதி தராத எரிச்சலிலை களவெடுத்தனீ, என்ன?" கடதாசித் தட்டோடு நின்ற மனிதனுக்கு வாயிலிருந்த பாணை விழுங்க முடியவில்லை. "அண்ணை, மாதாவாணை நான் எடுக்கேல்லை," என்றார். அவருடைய மனைவி யோகராணி மாமி அவரைப் பார்த்த பார்வையை நான் கண்டேன். நான் ஐந்தடி தள்ளித் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றேன். வாயைத் திறந்தேன். பிறகு மூடிக்கொண்டு அடுத்த கோப்பைக்கு ஊற்றினேன். பயம் என்று சொன்னால் அது பாதிப் பொய். அடுத்த கிழமை சொல்லலாம் என்று நினைத்தேன். எத்தனை கிழமை!

அதற்குப் பிறகு அவருக்கு மண்டபத்தில் ஒருத்தரும் கதிரை இழுத்துப் போடவில்லை. பாடகர் குழுவில் இருந்து விலகிக்கொண்டார். கோவிலையும் மாற்றிக்கொண்டு பியர்பொன்ட்ஸ் பக்கம் போய்விட்டார்கள்.

அடுத்த வருடம் அதே கசெற் திரும்பி வந்தது. என் குரலுக்கு மேலே அம்மா பேசியிருந்தா. சாமான் தடையால் யாழ்ப்பாணத்தில் கரண்டும் இல்லை, பற்றரியும் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி டைனமோவில் ரெக்கோடரை ஓட்டியிருக்கிறார். அவர் களைத்த இடத்தில் அம்மாவின் குரல் மெலிந்துபோகும், வேகமாகச் சுற்றிய இடத்தில் தடித்துப்போகும். நான் சிவப்பு லேபலைச் சுரண்டி எடுத்து, வேறு பெட்டியில் போட்டுத்தான் பப்பாவிடம் கொடுத்தேன். கெட்டித்தனம் என்று நினைப்பு. அதற்கடுத்த வருடம் அம்மா காய்ச்சலில் மருந்தில்லாமல் செத்துப்போனா. பப்பா ஞாயிறு தவறாமல் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்தக் கசெற்றைக் கேட்பார். நான் அந்த அறைக்குள் போகமாட்டேன்.

சுவாமி போனபிறகு கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தேன். தாதி வந்து சேலைனைச் சரிபார்த்துவிட்டுப் போனாள். நீக்கிலாப்பிள்ளை மாமா போனில் கேட்டது காதுக்குள்ளேயே நின்றது. இனி எந்த அடுத்த கிழமை?

"பப்பா, நீக்கிலாப்பிள்ளை மாமா அந்தக் கசெற்றை எடுக்கேல்லை. நான்தான் எடுத்தனான். தெரியாமல் அம்மாவுக்குக் கதைச்சு அனுப்பிப்போட்டன்."

அவர் கத்துவார் என்று கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"தெரியும்," என்றார்.

"என்ன தெரியும்?"

"கொம்மா கதைச்சு முடிச்சாப் பிறகும் நாடா ஓடும். நான் நிப்பாட்டாமல் விட்டன். கடைசியிலை நாலு நிமிசம் மிச்சம் கிடக்கு. என்ரை பெடியள் வாசிக்கிறாங்கள்."

"எப்ப தெரியும்?"

"வந்த கிழமையே."

எனக்கு அவரைப் பிடித்து உலுப்ப வேண்டும்போல் இருந்தது. சாகிற மனிதன் என்றுகூடப் பார்க்கவில்லை. "அப்ப ஏன் பப்பா அந்த மனுசனைக் கள்ளனாய் விட்டனியள்?"

"கோவில் நிறைஞ்ச சனத்துக்கு முன்னாலை சொல்லிப்போட்டன். பேந்து போய், அவன் இல்லை, என்ரை மேள்தான் எண்டு சொல்லுறதே? நீ அப்ப கலியாணம் கட்டாத பெட்டை. அவன் ஆம்பிளை, தாங்குவான் எண்டு விட்டிட்டன்." மூச்சு வாங்கினார். "ட்றம்ஸிலை எந்த இடத்திலை தடியை வைச்சிட்டு பிரஷ் போடவேணுமெண்டு அவனுக்குத் தெரியும். நான் எழுதிக் குடுக்கிறேல்லை. அவன் ஒருத்தனுக்குத்தான் எழுதிக் குடுக்கிறேல்லை."

"அவரை வரச்சொல்லட்டோ? அவர் கேக்கிறது உந்த ஒரு சொல்லுத்தான். சுவாமியையும் திரும்பக் கூப்பிடுறன்."

"வேண்டாம்."

"பப்பா, உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன்."

"எந்த முகத்தோடை அவனைப் பாக்கிறது? விடு, பிள்ளை." சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிறகு அவர் கதைக்கவில்லை. இரண்டாம் நாள் பின்னேரம் போய்விட்டார். ஒரே வீட்டில், ஒரே மேசையில் சோறு தின்றுகொண்டு, ஒரு பொய்யை ஆளுக்கொரு பக்கத்தால் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறோம். அவரை மன்னித்துவிட்டேனா என்று என்னைக் கேட்காதீர்கள். என்னை ஆர் மன்னிப்பது என்பதுதான் முதல் கேள்வி.

உடலைப் பார்வைக்கு வைத்த அன்று மண்டபம் கொள்ளாத சனம். வந்தவர்கள் எல்லாம் பொப் பாட்டைப் பற்றித்தான் பேசினார்கள். ஒருத்தன் போனில் போட்டும் காட்டினான். நீக்கிலாப்பிள்ளை மாமா வரவில்லை.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள், பப்பாவின் மேசை லாச்சியில் இருந்து கசெற்றை எடுத்துக்கொண்டு பியர்பொன்ட்ஸுக்கு பஸ் ஏறினேன். அம்மாவின் குரலும் அதில்தான் இருக்கிறது. இருக்கட்டும், கொடுத்துவிட வேண்டும் என்றுதான் போனேன். மாமா மகனுடைய வீட்டில் இருக்கிறார். மற்றவர்கள் வேலைக்குப் போய்விட்டார்கள். கதவைத் திறந்தவர் என்னைக் கண்டதும் சேட்டுப் பொத்தானைப் பூட்டினார்.

சப்பாத்தைக் கழற்றிவிட்டு நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கசெற் எடுத்தது, மண்டபத்தில் தேத்தண்ணி ஊற்றியது, லேபல் சுரண்டியது, பப்பாவுக்குத் தெரிந்திருந்தது.  முடிந்தபிறகு அவர் கேட்டார்.

"கொப்பர் இதைச் சொல்லேக்குள்ளை ஆர் பக்கத்திலை நிண்டது?"

"நான் மட்டும்தான் மாமா."

"அப்ப சொல்லாத மாதிரித்தான்."

"ஞாயிறு பூசை முடிய நான் மைக்கிலை ஏறிச் சொல்லுறன். எல்லாருக்கும் முன்னாலை சொல்லுறன்."

"ஆருக்கு? அண்டைக்கு நிண்ட சனத்திலை பாதி செத்துப்போச்சுது. மிச்சம் இருக்கிறதுகளுக்கு என்னை ஆரெண்டே தெரியாது." கதிரையில் இருந்தார். "எனக்குத் தெரியாததையே சொல்ல வந்தனீ? நான் எடுக்கேல்லை எண்டு எனக்குத் தெரியும். யோகராணிக்கு வந்து சொல்லியிருக்கலாம்."

யோகராணி மாமி செத்து நாலு வருடம். 

"வீடு மாறேக்குள்ளை ஒவ்வொரு பெட்டியையும் அவிட்டு அவிட்டுத் தேடினவள். என்ரை கோட்டுப் பைக்குள்ளை எல்லாம் கை விட்டுப் பாப்பாள். நான் எடுக்கேல்லையப்பா எண்டால், ஓம் ஓம் எண்டுவாள். பிள்ளையள் பாத்துக்கொண்டிருக்கும். கடைசியாய் ஆஸ்பத்திரியிலை கிடக்கேக்குள்ளை என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு, இஞ்சருங்கோ, இனியெண்டாலும் அந்தக் கசெற்றைத் திருப்பிக் குடுங்கோவன் எண்டவள்."

எனக்கு அழுகை வந்தது. அழ எனக்கென்ன உரிமை என்று அதையும் அடக்கிக்கொண்டு கைப்பையில் இருந்து கசெற்றை எடுத்து மேசையில் வைத்தேன்.

"கடைசி நாலு நிமிசம் நீங்கள் அடிச்சது இருக்கு மாமா. உங்களுக்குத்தான் கொண்டுவந்தனான். வைச்சிருங்கோ."

அவர் கையை நீட்டினார். கசெற்றில் விரல் படுவதற்கு முந்தி இழுத்துத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

"கொண்டு போ, பிள்ளை. நான் செத்தாப் பிறகு பிள்ளையள் அலுமாரியைத் திறந்து இதைக் கண்டுதுகளெண்டால், அம்மா சொன்னது சரிதான் எண்டு நினைக்குங்கள்."