முதலில் சொன்ன விலை

இருளம்மாள் எங்கள் துறை அறைக்குள் வரும்போது செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் வருவாள். வேண்டாம் என்று மூன்று வருஷமாகச் சொல்லியும் கேட்கவில்லை. அன்று வியாழக்கிழமை, தீபாவளிக்குப் பதினொரு நாள் இருந்தது. என் மேசைக்கு எதிரே நின்றவளின் விரலிடுக்குகளில் பட்டாசு மருந்தின் வெள்ளிப் பொடி அப்பியிருந்தது. எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் சீசன் முடியும்வரை அது போகாது. வருகைப் பட்டியலிலிருந்து தன் சதவீதத்தை ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். பி.காம். மூன்றாமாண்டு, அறுபத்தொரு சதவீதம். எழுபத்தைந்து இருந்தால் பரீட்சை எழுதலாம். அறுபத்தைந்தைத் தாண்டியிருந்தால் விண்ணப்பம் கொடுத்து எழுதலாம். அதற்கும் கீழே என்றால் அந்தப் பருவம் முழுவதையும் அடுத்த வருஷம் திரும்பப் படிக்க வேண்டும். அவளுக்கு வயது முப்பத்தெட்டு.

அவளுக்குக் குறைந்த அந்த நாலு சதவீதம் என் மேசை இழுப்பறையில் இருந்தது. ஜூலை மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் நான் எடுத்த சிறப்பு வகுப்புகள் அவை. அவள் ஒன்றுவிடாமல் வந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்தவை. பதிவேட்டில் ஏற்றாமல் தனித்தாளில் வைத்திருந்தேன். ஏற்றினால் அறுபத்தைந்தரை வரும். விண்ணப்பத்தையும் நானே டைப் அடித்து வைத்துவிட்டேன், அவள் கையெழுத்து ஒன்றுதான் வேண்டும். எடுத்து நீட்டியிருந்தால் விஷயம் அரை நிமிஷத்தில் முடிந்திருக்கும். இன்று இதை எழுதிக்கொண்டிருக்கவும் மாட்டேன்.

ஆனால் நான் சொன்னது வேறு. "இந்த செமஸ்டர் எழுத முடியாதும்மா. ரூல் அப்படி. அடுத்த வருசம் பாப்போம்."

அவள் கையிலிருந்த தாளை ஒருமுறை பார்த்தாள். "சரிங்க சார்" என்றாள். வெளியே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்துவிட்டாள்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதற்கு எங்கள் குடும்பத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். விருதுநகரில் எங்களுக்கு வத்தலும் மல்லியும் விற்றுக்கொடுக்கும் கமிஷன் கடை. எங்கள் வீட்டில் யாரும் முதலில் சொல்வதை முடிவாகச் சொன்னதுமில்லை, முடிவாக எடுத்துக்கொண்டதுமில்லை. என் தங்கையைப் பார்க்க வந்தவர்கள் பெண் பிடிக்கவில்லை என்று ஆள் அனுப்பியபோது அப்பாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது, பேச்சு இப்போதுதானே ஆரம்பிக்கிறது என்று. கல்யாணம் நடந்து இப்போது மூன்று பிள்ளைகள். பல் பிடுங்கப் போன இடத்தில், இரண்டாகப் பிடுங்கினால் என்ன குறைப்பீர்கள் என்று டாக்டரிடம் கேட்கிற குடும்பம். வாங்க வந்தவர் கட்டுப்படியாகாது என்று எழுந்து போனால் நாங்கள் பின்னால் ஓடமாட்டோம். கடைப் படியில் கால் வைத்ததும் அவர் வேகம் குறையும். தெருவில் இறங்கி வேட்டியைச் சரிசெய்வார். அப்புறம் திரும்பி வருவார். அதுவரை கல்லாவில் இருப்பவன் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எனக்கு அது பன்னிரண்டு வயதிலேயே வந்துவிட்டது.

நான் கல்லூரிக்குப் போனதும் இந்தப் பாணியில்தான். பள்ளிக்கூடம் முடித்ததும் கடையில் உட்கார்ந்தவன், சகோதரர்கள் பாகம் பிரித்துக் கடை கைவிட்டுப் போனபின் முப்பத்துநாலு வயதில் பி.காம். சேரப் போனேன். முதல்வர் என்னை ஏதோ மாணவனின் அப்பா என்று நினைத்து உட்காரச் சொன்னார். விஷயம் தெரிந்ததும் இடமில்லை என்று எழுப்பிவிட்டார். மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும் போனேன். ஏழாவது நாள், "ஒங்கள வெளிய அனுப்புறதுக்கு உள்ள சேத்துக்கிறது லேசு" என்று கையெழுத்துப் போட்டார். அப்புறம் எம்.காம்., தகுதித் தேர்வு, முனைவர் பட்டம் எல்லாம். ஒவ்வொன்றிலும் முதலில் ஒரு 'இல்லை' இருந்தது, ஒவ்வொன்றையும் உட்கார்ந்து பேசிக் கரைத்தேன். நாற்பத்தாறு வயதில் சிவகாசிக்கும் சாத்தூருக்கும் நடுவில் ஒரு கல்லூரியில் உதவிப் பேராசிரியர் ஆனேன். கடைத்தெருவில் இன்றைக்கும், "வாங்க புரொபசரே, மல்லி என்ன வெலைக்குப் போகுது?" என்றுதான் விசாரிக்கிறார்கள்.

இருளம்மாளைப் படிக்கச் சேர்த்ததும் நான்தான். வெம்பக்கோட்டைப் பக்கம் ஊர். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு விண்ணப்பம் வாங்கத் துணைக்கு வந்தவள். பேச்சுக்கொடுத்ததில், வீட்டில் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டே தனித்தேர்வராகப் பன்னிரண்டாம் வகுப்பு எழுதித் தேறியிருக்கிறாள் என்று தெரிந்தது. நீங்களும் சேரலாமே என்றேன். சிரிப்பார்களே சார் என்றாள். "என்னயப் பாத்துச் சிரிக்காத ஆளே கெடையாது. இப்ப அம்புட்டுப் பேரும் வணக்கம் வைக்கான்" என்றேன். அன்றே விண்ணப்பம் வாங்கிவிட்டாள். என் பேச்சுத் திறமை என்று நினைத்துக்கொண்டேன். சொன்ன சொல்லை அப்படியே எடுத்துக்கொள்கிற பழக்கம் அவளுடையது என்று அப்போதே பிடிபட்டிருக்க வேண்டும்.

கல்லூரி எங்களுக்குக் காலையில் மட்டும்தான். மதியம் வீட்டில் பெட்டி ஒட்டுவாள். சீசன் வந்தால் பட்டாசுக் கம்பெனிக்குப் போவாள். முதல் இரண்டு வருஷம் எப்படியோ சமாளித்தாள். இந்த வருஷம் மகளை நர்சிங் சேர்த்ததால் ஆகஸ்டிலிருந்தே கம்பெனி. ஆனாலும் மழை பெய்து வேலை நின்ற நாளில் எல்லாம் நனைந்துகொண்டு வகுப்புக்கு வந்துவிடுவாள். வகுப்பில் மற்றவர்களை நீ என்பேன், அவளை மட்டும் நீங்க.

அவள் கெஞ்ச வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஒரு வார்த்தை கேட்க வேண்டும், அவ்வளவுதான். கேட்டால் மோவாயைத் தடவிக்கொண்டு கொஞ்சம் யோசித்திருப்பேன். முதல்வரிடம் பேசிப் பார்க்கிறேன் என்றிருப்பேன். பிறகு இழுப்பறையைத் திறந்திருப்பேன். கொடுப்பதில் ஒரு ருசி இருக்கிறது. கேட்டபின் கொடுத்தால்தான் அது முழுசாகக் கிடைக்கும்.

எதிர் மேசையிலிருந்த ஞானதீபம் மேடம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். சர்ச் பள்ளிக்கூட வாத்தியார் குடும்பம். சொல்வதை நேராகச் சொல்லிப் பழகியவர்.

"சார், அந்தப் பொண்ணு அழல. கூப்பிடுங்க."

"வரும் மேடம். நாளைக்கு வரும் பாருங்க."

"இது ஒங்க கடை இல்ல சார்" என்றுவிட்டு விடைத்தாளைத் திருத்தக் குனிந்துகொண்டார்.

வெள்ளிக்கிழமை அவள் வரவில்லை. அன்று ராத்திரி போனில் கூப்பிட்டிருக்கலாம். நாமாகக் கூப்பிட்டால் விலை இறங்கிவிடும் என்று மனசு தடுத்தது. யோசித்துப் பார்த்தால், எந்தச் சரக்கின் விலை? அவள் வந்து உட்கார்ந்து கேட்ட அவளுடைய வகுப்புகள். சனிக்கிழமை பத்து மணிக்குத்தான் அவளைக் கூப்பிட்டேன். போன் அணைந்திருந்தது. பட்டாசுக் கம்பெனிக்குள் போன் கொண்டுபோக முடியாது, வாசலிலேயே அணைத்து வாங்கி வைத்துவிடுவார்கள். அந்த ஒரு விதியில் மட்டும் யாரிடமும் பேரம் நடக்காது. அன்று நாலு மணிக்குப் பரீட்சை எழுதுகிறவர்கள் பட்டியல் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும். அவள் கையெழுத்தை நானே போட்டிருக்கலாம். கடைக்காரனாக இருந்தபோது ரயில்வே பார்சலுக்கு யார் யார் கையெழுத்தையோ போட்டிருக்கிறேன். பேராசிரியர் ஆனபிறகு அந்தத் துணிச்சல் போய்விட்டது. நாலு மணிக்குப் பட்டியல் அவள் பெயர் இல்லாமல் போனது. திங்கட்கிழமை முதல்வர் அறையில் ஒருமணி நேரம் உட்கார்ந்து பேசினேன். என் வாழ்க்கையில் கரையாத முதல் 'இல்லை' அது.

உடனே போய் அவளைப் பார்த்திருக்க வேண்டும். போகவில்லை. தீபாவளி கழிந்தது, பரீட்சைகள் முடிந்தன, சீசன் முடிந்து மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த கம்பெனிகள் பூசை போட்டுத் திறந்தன. அந்த வாரத்தில் ஒருநாள் காலை முதல் பஸ்ஸில் போய், அவள் ஊருக்குப் பாதை பிரிகிற விலக்கில் இறங்கினேன். கம்பெனி வேனுக்காகப் பெண்கள் தூக்குவாளிகளோடு நின்றிருந்தார்கள். அவள் என்னைப் பார்த்ததும் கூட்டத்திலிருந்து விலகி வந்தாள்.

"என்ன சார் இம்புட்டுத் தூரம்? காப்பி குடிச்சீகளா?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். இழுப்பறை, ஞாயிற்றுக்கிழமை வகுப்புகள், டைப் அடித்த விண்ணப்பம், எதையும் மறைக்கவில்லை. சொல்லிவிட்டு, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றேன். பழியில் பாதியை அப்போதும் அவள் பக்கம் தள்ளப் பார்த்திருக்கிறேன்.

அவளுக்குக் கோபம் வரவில்லை. புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்பவள்போல், "கேக்கலாமா சார்?" என்றாள். பிறகு, "கம்பெனியில போர்மேன் இன்னைக்கி ஒனக்கு வேல இல்லன்னா இல்லதான். ஏன்னு கேட்டு நின்னா மறுநாளும் கெடையாது. அப்பிடியே பழகிட்டோம்" என்றாள்.

வேன் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "வேற யாரும் சொல்லியிருந்தாக்கூட ரெண்டு பேருட்ட வெசாரிச்சிருப்பேன். நீங்கள்ல சொன்னது."

ஜூனில் திரும்பச் சேரலாம் என்றேன். சீசனுக்கு ஏற்றமாதிரி வகுப்பு மாற்றித் தருகிறேன், முதல்வரிடம் இப்போதே எழுதி வாங்கிவிடுகிறேன் என்றேன். ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிக்கொண்டே போனேன்.

"வேண்டாம் சார்" என்றாள்.

ஆயிரக்கணக்கான வேண்டாம்களை எடைபோட்டவன் நான். கண்ணை வைத்துச் சொல்வேன், கால் திரும்பியிருக்கும் திசையை வைத்துச் சொல்வேன், இவர் இன்னும் எவ்வளவு ஏறுவார் என்று. அவள் கண்ணும் காலும் என்னை நோக்கித்தான் இருந்தன. அதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இன்னும் ஒருமுறை கேட்பது முறையா, கேட்காமல் இருப்பது முறையா என்றும் தெரியவில்லை.

"கான்ட்ராக்ட் காஸ்டிங் பாடம் முடிச்சிட்டீகளா சார்?" என்று அவளே கேட்டாள்.

"முடிச்சாச்சும்மா."

"எங்கிட்ட நோட்டுல பாதிதான் இருக்கு."

மீதியைத் தரவா என்று நான் வாயெடுப்பதற்குள் வேன் வந்துவிட்டது. பெண்கள் தூக்குவாளிகளை உள்ளே கொடுத்துவிட்டு ஏறினார்கள். "யாருத்தா அது?" என்று ஒருத்தி கேட்பதும், "எங்க சாரு" என்று அவள் சொல்வதும் கேட்டது. வேன் வெம்பக்கோட்டை அணைக்கட்டுப் பக்கமாகத் திரும்பியது. கருவேலங்காட்டுக்குள் மறைந்து, அடுத்த வளைவில் மறுபடி தெரிந்தது. கண்ணாடி இல்லாத ஜன்னல்கள். எதிர்வெயிலுக்கு எல்லாப் பெண்களும் முந்தானையைத் தலைக்குமேல் இழுத்து விட்டிருந்தார்கள். அத்தனை தலைகளில் அவளுடையது எது என்று நான் தேடிக்கொண்டிருந்தேன்.