இருபத்தேழாவது மிதி

சங்ககிரியில் மதன் பதினெட்டு வருடமாக லாரி பிரேக் வேலை பார்க்கிறவன். அவன் மனைவி தனப்பிரியா ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்தவள். பட்டறைக்கு வரும் கார்கள் அவள் பொறுப்பு.

எடப்பாடியில் விசைத்தறி ஓட்டும் கண்ணுசாமி, தன் பழைய வெளிநாட்டுக் காரை முந்தின நாள் சாயங்காலம் விட்டுப் போயிருந்தார். திடீரென்று பிரேக் அடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் அதில் வேலை செய்யவில்லை. அதன் வால்வுப் பெட்டியை மாற்ற வேண்டும்.

காலையில் மதன் முதல் ஆளாகக் குனிந்து, பெட்டிக்குப் போகும் இரும்புக் குழாயில் ஸ்பேனரை மாட்டினான்.

"ஏனுங்க, கைய எடுங்க!"

அவள் அப்படிக் கத்தி அவன் கேட்டதில்லை. கையை எடுத்தான்.

"உள்ள அழுத்தம் நிக்குதுங்க."

"நேத்து நிறுத்துன வண்டி புள்ள. இஞ்சினே சில்லுனு கெடக்குது."

"லாரி பிரேக்கோட காத்து டேங்குல அழுத்தம் நிக்கறதில்லீங்களா? இதுல அதவிட இருவது மடங்குங்க."

லாரி டேங்கைத் திறந்தால் காற்று சீறும். காதால் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். இந்தக் கார் சத்தமே இல்லாமல் நின்றது. தனப்பிரியா சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

"சாவி திருப்புனா மோட்டார் ஓடி மறுக்காவும் அழுத்தம் ஏத்திப்போடும். உள்ள உக்காந்து பிரேக்க மிதிங்க. பெடல் கல்லாட்ட ஆனாத்தான் அழுத்தம் தீந்துச்சுன்னு அர்த்தமுங்க."

அரைமனதாகத்தான் மிதித்தான். பெடல் மெத்தென்று இறங்கியது. பத்து மிதிக்குப் பிறகு, "இங்க வந்து பாருங்க" என்றாள்.

பிரேக் ஆயில் டப்பாவில் மட்டம் இரண்டு விரல் உயர்ந்திருந்தது. யாரும் ஒரு சொட்டு ஊற்றவில்லை. ராத்திரி முழுக்கப் பெட்டிக்குள் அழுத்தத்தில் இறுகிக் கிடந்த ஆயில், அவன் மிதிக்க மிதிக்கத் திரும்பி வந்துகொண்டிருந்தது.

மதன் மறுபடியும் போய் உட்கார்ந்தான். இப்போது பதினொன்றிலிருந்து எண்ணி மிதித்தான். இருபத்தேழாவது மிதியில் பெடல் சட்டென்று இறுகி, அதற்கு மேல் இறங்க மறுத்தது.

"கழட்டியிருந்தா?"

"பீச்சியடிக்கிற ஆயில் கையில பட்டா தோலத் தொளச்சு உள்ள போயிருக்குமுங்க. கண்ணுல பட்டா..."

இருவரும் கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டார்கள். குழாயைத் தளர்த்தியபோது இரண்டே சொட்டு கசிந்தது. மதன் அந்த இரண்டு சொட்டையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

புதுப் பெட்டி மாட்டி, குழாய்களில் காற்றை எடுத்து முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. முதலில் மெதுவாக ஓட்டிப் பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்தார்கள். பிறகு ஆளில்லாத லாரி ஷெட் மைதானத்துக்குப் போய், மண்ணை நன்றாக நனைத்தார்கள். மதன் காரை நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி வந்தான்.

"அழுத்தி மிதிங்க! கால எடுத்துராதீங்க!"

பாதத்துக்கு அடியில் பெடல் படபடவென்று துடித்தது. சேற்றில் வழுக்கித் திரும்பும் என்று அவன் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தான். கார் நூல் பிடித்தாற்போல நேராக வந்து நின்றது.

இறங்கிப் பின்னால் நடந்தான். லாரிச் சக்கரங்கள் பூட்டிக்கொண்டு மண்ணைக் கிழித்த கோடுகளை எத்தனையோ பார்த்தவன் அவன். இங்கே டயரின் வரிகள் கடைசிவரை அச்சடித்ததுபோல் பதிந்திருந்தன. மண்டியிட்டு அவற்றை விரலால் தொட்டான்.

"செகண்டுக்கு எத்தன தடவ உட்டு உட்டுப் புடிக்குது புள்ள?"

"பத்துக்கு மேலீங்க."

"பத்தா!" எழுந்து முழங்கால் சேற்றைத் தட்டினான். "இன்னொருக்கா மிதிச்சுப் பாக்கறேன்."

அதற்குள் தனப்பிரியா ஓட்டுநர் இருக்கையில் ஏறி பெல்ட்டை மாட்டியிருந்தாள். "இந்தத் தடவ நானுங்க" என்றாள்.