வளைவில் காய்ந்த கொள்ளு

"குடிச்சுட்டு விழுந்த காலுக்கு நாட்டுக்கோழி முட்டைதான் வேணுமாக்கும்! பண்ணை முட்டை வச்சுக் கட்டுனா எலும்பு கூடமாட்டேங்குதாமா?"

பக்கத்து வீட்டுப் பாப்பாயி தன் வாசலில் நின்று யாரிடமோ சொல்வதுபோல் சொன்னாள். உண்மையில் அந்த வாசலில் அவளைத் தவிர ஆளில்லை. சொன்னது செங்கமலத்தின் அடுப்படிக்கு. போகிற வழியில் கயிற்றுக் கட்டிலில் கிடந்த கருப்பண்ணன் காதிலும் விழுந்தது.

"பாப்பாயக்கா, உள்ள வந்து சொல்லுங்க. சுவத்துகிட்ட ஏன் தொண்டை வறளப் பேசுறீங்க?" என்றான் கருப்பண்ணன்.

"நீ பேசாதப்பா. ஒன் பொண்டாட்டியே ஒங்கிட்டப் பேசுறதில்ல, நான் என்னத்தப் பேச?"

அது உண்மைதான். பன்னிரண்டு நாளாகச் செங்கமலம் புருசனோடு பேசவில்லை. சோறு வைத்தாள், வெந்நீர் வைத்தாள், அரியலூர் எலும்புக் கட்டுக்காரர் சொன்னபடி முட்டை வெள்ளையில் உளுந்து மாவைக் குழைத்து, பிசகிய கணுக்காலுக்குப் பத்துப் போட்டு, மூங்கில் சிம்பு வைத்துத் துணியும் சுற்றினாள். எல்லாம் வாயைத் திறக்காமல்.

கருப்பண்ணன் ஆயில் இன்ஜின் மெக்கானிக். பெரம்பலூரைச் சுற்றி எந்தக் கிணற்று மேட்டில் இன்ஜின் நின்றாலும் அவனுடைய பழைய மோட்டார் சைக்கிள் போய் நிற்கும். கை சுத்தம். வாய்தான் ஒரு காலத்தில் சுத்தமில்லை. வேலை முடிந்த கையோடு சாராயக் கடையில் நின்றுவிட்டுத்தான் வீடு திரும்புவான். இரண்டு வருசத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை செங்கமலம் அவனைச் சிறுவாச்சூருக்குக் கூட்டிப்போய் மதுரகாளி முன்னால் நிறுத்தினாள்.

"சூடத்த அணைச்சு சத்தியம் பண்ணுங்க. இனிமே தொட்டா நான் எங்க அண்ணன் வூட்டுக்குப் போயிருவேன். அப்புறம் நீங்க வந்து கூப்பிடக் கூடாது."

"கூப்பிடமாட்டேன். போதுமா?" என்று எரிகிற சூடத்தின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினான். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. அதற்குப் பிறகு அவன் தொடவில்லை. அவள்தான் தினமும் அவன் அறியாமல் மோந்து பார்ப்பாள். மூச்சில் பீடி, டீசல், சில நாள் பூண்டு. அவ்வளவுதான்.

அப்படி இருக்கையில்தான் மாசி பிறந்த மறுநாள், அவளுடைய பிறந்த ஊருக்குப் போகிற ஏரிக்கரைச் சாலையில் அவன் விழுந்தான். அரியலூர் ரோட்டிலிருந்து பிரிந்து, ஏரியை ஒட்டி மூன்று இடத்தில் வளைந்து நெளிந்து போகிற சாலை அது. இரண்டாவது வளைவில் வண்டி சறுக்கியது. கணுக்கால் பிசகல், முட்டியில் தோல் உரிந்தது, முழங்கையில் சிராய்ப்பு. கொஞ்ச நேரம் மயக்கம். முதலில் ஓடிவந்து தூக்கியவர் செங்கமலத்தின் அண்ணன் ராசாங்கம். அவர்தான் மாட்டுவண்டி பிடித்து, பஸ் ஏற்றி, பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்.

அடித்துப் பிடித்து ஓடிய செங்கமலத்தை நர்சம்மா பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. மூக்கைச் சுளித்துக்கொண்டே கேட்டாள்: "ஏம்மா, இவரு குடிப்பாரா?"

செங்கமலம் குனிந்து மோந்து பார்த்தாள். சாராயம். ஆள் மேல் அப்படி வீசியது. நெஞ்சுக்குள் எரிந்தது அந்தச் சூடம்.

"கொள்ளுச் செடி பரப்பியிருந்துச்சு புள்ள, வளைவுல," என்றான் கருப்பண்ணன். "காயெல்லாம் வெடிச்சு, பேரிங் குண்டாட்டம் உருண்டுது. சக்கரம் நிக்கல. நான் தொடல. சத்தியமா தொடல."

அவள் அண்ணனைப் பார்த்தாள். ராசாங்கம் தோள் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"எந்தக் கொள்ளு தாயி? ரோட்டுல ஒரு துரும்பு கெடையாது. வளைவுல யாரும் காயப்போடக் கூடாதுன்னு ஊர்க்கட்டுப்பாடு போட்டதே நான்தானே? மீறிப் போட்டவன் ஊர்க்கூட்டத்துல விழுந்து கும்பிடணும்னு இருக்கு. எவனுக்குத் துணிச்சல் வரும்? மாப்ள ஏதோ... விடு. ஆம்பளைங்க சங்கதி."

அந்த 'விடு'தான் அவளை விடவில்லை. அந்தப் பக்கத்து ஊர்களில் அறுத்த செடியைச் சாலையில் பரப்பிவிடுவது வழக்கம். பஸ்ஸும் லாரியும் ஏறிப் போகப் போகக் காய் உடைந்து மணி உதிரும், மாடு கட்டி மிதிக்கிற வேலை மிச்சம். ஆனால் அவள் ஊர் வளைவில் மட்டும் அது இல்லை. முன்னே ஒரு வண்டி குடைசாய்ந்ததிலிருந்து அண்ணன் போட்ட கட்டுப்பாடு. அப்பா செத்த பிறகு அவளைத் தூக்கி வளர்த்தவர், சீர் செய்து கட்டிக்கொடுத்தவர். அவர் வாயிலிருந்து பொய் வருமென்று எப்படி நினைப்பாள்? பொய் வரத் தெரிந்த வாய் இந்த வீட்டில் ஒன்றுதான் உண்டு, அது கட்டிலில் கிடக்கிறது என்று முடிவு கட்டினாள்.

இன்று மத்தியான பஸ்ஸில் அண்ணன் வருகிறார், அவளை அழைத்துப் போக.

மரப்பெட்டியில் சேலைகளை அடுக்கினாள். மூலையில், விழுந்த அன்று சுருட்டி எறிந்த துணிமூட்டை அப்படியே கிடந்தது. அந்த வாடையைத் தொட மனசில்லாமல் பன்னிரண்டு நாளும் துவைக்காமல் விட்டிருந்தாள். போகிறவள் எதற்கு அழுக்கை வைத்துவிட்டுப் போக வேண்டும்? பிரித்தாள்.

சட்டையை எடுத்து, பழக்க தோசத்தில் மூக்கருகே கொண்டுபோனாள். டீசல். வேர்வை. காலரில், மார்பில், கையில் எங்கும் சாராய நெடி இல்லை. பேண்ட்டை எடுத்தாள். கிழிந்த முட்டிப் பக்கம் ரத்தமும் ஏதோ ஈரமும் காய்ந்து அட்டைபோல் விறைத்திருந்தது. அங்கே மட்டும் பழைய நெடி லேசாக இருந்தது.

'வாயில குடிச்சா முட்டியில எப்படி வீசும்?'

பேண்ட்டை உதறினாள். அடிமடிப்பிலிருந்து சலசலவென்று எதுவோ சிமெண்டுத் தரையில் சிதறியது.

குந்தி உட்கார்ந்து பொறுக்கினாள். கொள்ளு. அரைக் கைப்பிடிகூட இல்லை. கறுப்புக் கொள்ளு.

அவள் ஊரில் எல்லாரும் விதைப்பது செந்நிறக் கொள்ளு. மூன்று வருசத்துக்கு முன் பச்சைமலை அடிவாரத்தில் இன்ஜின் பார்க்கப் போன கருப்பண்ணன் ஒரு படி கறுப்புக் கொள்ளு கொண்டுவந்தான். "மச்சானுக்குக் குடு புள்ள, வெதைச்சுப் பாக்கட்டும்," என்றான். அதை முந்தானையில் முடிந்துபோய் அண்ணன் கையில் கொடுத்தவளே அவள்தான். அந்த ஊரில் கறுப்புக் கொள்ளு ஒரே ஒரு புஞ்சைக் காட்டில்தான் விளைகிறது.

கட்டிலிலிருந்து கருப்பண்ணன் கேட்டான்: "என்ன சத்தம்?"

"ஒண்ணுமில்ல."

பன்னிரண்டு நாளில் அவள் சொன்ன முதல் வார்த்தை. அவன் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டான்.

ராசாங்கம் இரண்டு இளநீரும் ஒரு பன் பொட்டலமுமாக வந்தார். "மாப்ள, வீக்கம் வத்திருக்கா? காலை ஆட்டிராதீங்க," என்று கட்டில் ஓரம் உட்கார்ந்து, கட்டைத் தொட்டுப் பார்த்தார். "கெளம்பிட்டியா தாயி? மூணு மணி பஸ்ஸப் புடிச்சிரலாம்."

"இருங்கண்ணே. காப்பி குடிச்சுட்டுப் போலாம்."

வெறும் சட்டியில் கொள்ளை வறுத்தாள். மணம் எழுந்தது. உப்புத் தண்ணீர் தெளித்து, கிண்ணத்தில் போட்டு, காப்பியோடு கொண்டுவந்து வைத்தாள். ராசாங்கம் பேச்சு வாக்கில் நாலு மணியை வாயில் போட்டு மென்றார். முகம் மலர்ந்தது.

"அட, நம்ம காட்டுக் கொள்ளு! இந்த ருசி வேற எதுலயும் வராது. யாரு தாயி குடுத்தா? இந்த வருச வெள்ளாமையில நான் இன்னும் ஒரு மணி வெளிய குடுக்கலையே?"

"இவரு பேண்ட் மடிப்பு கொண்டாந்துச்சுண்ணே."

மெல்லுவது நின்றது.

கருப்பண்ணன் மெதுவாக எழுந்து உட்கார்ந்தான்.

"களத்துல எடமில்ல தாயி," என்றார் ராசாங்கம், தரையைப் பார்த்தபடி. "மேகம் கறுத்துக்கிட்டு வந்துச்சு. ஒரே ஒரு பொழுதுதானேன்னு..."

"முட்டியில சாராயம்?"

"புண்ணு சீழ் வைக்கக் கூடாதுன்னுதான் ஊத்தினேன். மாடு அடிபட்டா ஊத்துறதுக்கு வூட்டுல வச்சிருந்தேன். கெட்ட எண்ணம் இல்ல. மாப்ள கண்ணு முழிக்கிறதுக்குள்ள செடியக் கரையில தள்ளிட்டேன். அதுவரைக்கும்தான் நான் நெனச்சது. அங்க அந்த நர்சம்மா குடிப்பாரான்னு கேட்டுச்சு பாரு... நீயும் குனிஞ்சு மோந்து பாத்த... நான் சும்மா இருந்துட்டேன்."

"சும்மா இல்லண்ணே. 'மாப்ள ஏதோ, விடு'ன்னு சொன்னீங்க."

"கட்டுப்பாடு போட்டவன் நானு. நானே கூட்டத்துல விழுந்து எந்திரிச்சா நாளைக்கு எவன் மதிப்பான்? ஒனக்கு என்ன கொறை வந்துரும், அங்க நம்ம வூட்டுல மகராசியா இருக்கமாட்டியான்னு..."

"எந்தாலி கழுத்துல கெடந்து ஆடுது. ஒங்க துண்டு தோள்ல நின்னாப் போதும். இல்லையா?"

ராசாங்கத்தின் கை தானாகத் துண்டுக்குப் போய்த் திரும்பியது.

"ஊர்ல நீங்களே சொல்லிருங்கண்ணே. பழியச் சுமந்துக்கிட்டு ஒரு மனுசன் கெடக்குறாரு."

"அது மட்டும் கேக்காத தாயி. நமக்குள்ள இருக்கட்டும். ஒன்னத் தூக்கி வளத்தவன் கேக்குறேன்."

"அதனாலதான் இத்தன நாள் நம்பினேன்," என்றாள் செங்கமலம்.

அவர் எழுந்தார். "வரேன் மாப்ள," என்றார். காப்பி ஆடை கட்டிக் கிடந்தது.

அவர் தெருவைத் தாண்டிய பிறகு செங்கமலம் கட்டில் காலடியில் உட்கார்ந்தாள். "ஏங்க... இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கக் கூடாதா?"

"மூணு தடவை சொன்னேன். ஆஸ்பத்திரியில ஒண்ணு, வண்டியில ஒண்ணு, இங்க வந்து ஒண்ணு. நாலாவது தடவை சொன்னா எனக்கே பொய்யாட்டம் இருக்கும்னு விட்டுட்டேன்." அவன் உள்ளங்கைத் தழும்பைப் பார்த்தான். "ஒங்கண்ணன் பண்ணுனது கூட ஒரைக்கல புள்ள. அவரு ஒங்கண்ணன். நீ எனக்கு யாரு?"

செங்கமலம் எழுந்துபோய் மரப்பெட்டியைத் திறந்து, மேலே இருந்த சேலையை எடுத்துக் கொடியில் போட்டாள். பிறகு அடுத்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் பாப்பாயியின் குரல் எழுந்தது: "ஏண்டி செங்கமலம், ஒங்கண்ணன் வந்த காலோட போறாரே? நீ போகலையா?"

பாப்பாயியிடம் மத்தியானம் சொன்னது பொழுது சாய்வதற்குள் பஸ் ஸ்டாண்டு போய்ச் சேரும். அங்கிருந்து அவள் பிறந்த ஊருக்கு ஒரே பஸ். கருப்பண்ணன் குடித்து விழுந்தான் என்ற சேதியும் அப்படித்தான் போனது.

செங்கமலம் வாசலுக்கு வந்தாள். ராசாங்கம் தெருமுனையில் இன்னும் கண்ணுக்குத் தெரிந்தார். துண்டை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தார். நடை அப்பா நடையேதான். அவள் ஒரு படி கீழே இறங்கி நின்றாள்.

"நான் போகல பாப்பாயக்கா. அவருக்குத்தான் அவசரம். வளைவுல கொள்ளு காயப்போட்டவங்கள ஊர்க்கூட்டத்துல கேக்கணுமே."

"வளைவுலயா! யாரு போட்டா?"

"கறுப்புக் கொள்ளு," என்றாள் செங்கமலம் சத்தமாக. "அந்த ஊர்ல யாரு காட்டுல வெளையுதுன்னு கேட்டுப் பாருங்க. எந்த வாயும் சொல்லும்."

பாப்பாயி முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு தெருவில் இறங்கினாள். உள்ளே கயிற்றுக் கட்டில் கிறீச்சிட்டது. செங்கமலம் திரும்பிப் பார்த்தபோது கருப்பண்ணன் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்திருந்தான். அவள் முட்டையை உடைத்து வெள்ளையைத் தனியே எடுத்தாள். இன்று கட்டு மாற்ற வேண்டிய நாள்.