பெரட்டுக்களத்துப் படி

தேர்தல் கூட்டத்துக்கு இரண்டு பஸ் நிறைய ஆள் கொண்டுவருவதாகப் புளத்கொகுபிட்டிய டவுன் கடைக்காரர் கிருஷ்ணராஜ் கட்சிக்குச் சொல்லியிருந்தார். பஸ்கள் தேயிலைத் தோட்டத்து அடிவாரத்தில் காலியாக நின்றன. மேலே பெரட்டுக்களத்தில், காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் அந்த முற்றத்தில், கொழுந்து பறிக்கும் பெண்கள் அத்தனை பேரும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாம் அவர்களில் ஒருத்தியான சுஜீதாவின் வேலை.

அவள் சொன்னதில் என்ன தப்பு? ஒவ்வொரு தேர்தலுக்கும் டவுன் மைதானத்தை நிரப்ப இவர்கள் வேண்டும். மக்கள், மக்கள் என்று படம் பிடித்துக் காட்டிவிட்டு, திருப்பி இறக்கிவிடுவது இதே குண்டும் குழியுமான பாதையில். ஒன்றரை மைல், ஆம்புலன்ஸ் ஏறாது. அவள் மகள் நிரோஷா எட்டு மாதக் கர்ப்பிணி. கிளினிக் நாளில் நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டுதான் இறங்குகிறார்கள். மக்களைப் பார்க்க வேண்டுமானால் மக்கள் இருக்கிற இடத்துக்கு வரட்டும் என்றுவிட்டாள்.

மைதானம் பாதி காலி என்று கேள்விப்பட்டு வேட்பாளரே கிருஷ்ணராஜையும் கேமராக்காரரையும் கூட்டிக்கொண்டு கிளம்பி வந்தார். ஜீப் பாதி வழியில் மாட்டிக்கொண்டது. மிச்சத்தை நடந்து மூச்சு வாங்க வந்தவர், நேரே ஆபீஸ் படியில் ஏறி, நானும் உங்களில் ஒருவன் என்று சிங்களத்தில் தொடங்கினார். ஐயோ பாவம், ஏறக் கூடாத இடமாகப் பார்த்து ஏறினார்!

சுஜீதா எழுந்தாள்.

"அது பேர் கூப்புடுறவங்க நிக்கிற படிங்க. எங்க ஆளுன்னா கீழ வந்து எங்களோட நில்லுங்க, மஹத்தயா."

வேட்பாளருக்குத் தமிழ் தெரியாது. இந்த மாதிரிப் பேச்சையெல்லாம் கிருஷ்ணராஜ் பூசி மெழுகித்தான் சிங்களத்தில் சொல்வார். கட்சியில் அவருக்கு இருந்த மரியாதையே அதனால்தான். அன்று அவளை நிமிர்ந்து பார்த்தார். செருப்பு பிய்ந்திருந்தது, குரல் மட்டும் கொஞ்சமும் நடுங்கவில்லை. என்ன மனுஷி இவள்! ஒரு சொல் குறைக்காமல் அப்படியே சொன்னார்.

வேட்பாளர் அவரை முறைத்தார். பிறகு இறங்கினார். இறங்காமல் என்ன செய்வார், கேமராக்காரர் பக்கத்திலேயே நின்றாரே!

அன்றும் கிளினிக் நாள்தான். நிரோஷாவை நாற்காலியோடு கொண்டுவந்து வைத்தார்கள். இவளை ஒருதரம் தூக்கிக்கொண்டு இறங்கிப் பார்த்துவிட்டு அப்புறம் பாதையைப் பற்றிப் பேசட்டும் என்றாள் சுஜீதா. அதையும் கிருஷ்ணராஜ் சொல்லிவிட்டு, நாற்காலியின் ஒரு பக்கத்தைத் தானே பிடித்தார். வேறு வழியில்லாமல் எதிர்ப் பக்கத்தை வேட்பாளர் பிடித்தார்.

மூன்றாவது வளைவிலேயே வேட்பாளர் நின்றுவிட்டார். கொஞ்சம் இறக்கி வைக்கலாமா என்று கேட்டார்.

நிரோஷா நாற்காலியில் இருந்தபடியே சிங்களத்தில் பதில் சொன்னாள். இன்னும் ஒரு மைல் இருக்கிறது, பிரசவ வலி வந்துவிட்டால் இப்படி இறக்கி வைக்க நேரம் இருக்காது என்று.