புழு தின்ற இடம்

அரைச்சாமி பூதக்கண்ணாடியை அந்தப் பக்கத்தின் மேல் அங்குலம் அங்குலமாக நகர்த்திக்கொண்டிருந்தார். குருமடத்தில் லத்தீனைக் கரைத்துக் குடித்துவிட்டு, பாதிரியார் பட்டம் வாங்கும் நேரத்தில் ஒருத்தியைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தவர். முழுச் சாமி ஆகாததால் மொழிபெயர்ப்பு நிலையத்தில் அவருக்கு இந்தப் பெயர். வைத்தவர் முதலாளி. முதலாளிக்கு லத்தீனில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. ஆனால் அரசாங்கம் ஒப்புக்கொள்ளும் முத்திரை அவருடைய மேசை இழுப்பறையில்தான் இருந்தது.

எதிர் பெஞ்சில் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கும் பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் தம்பி தடுப்பு முகாமில் இருந்தான். தாத்தா இந்த மண்ணில் பிறந்தவர் என்று காட்டினால் விடுவார்கள், இல்லாவிட்டால் கப்பலேற்றிவிடுவார்கள். இருந்த ஒரே சாட்சி மாதா கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டின் ஒளிநகல். அது லத்தீனில் இருந்தது.

"தாத்தா பேரு இருக்கா சார்?"

"இருக்கும்மா. பெத்தவங்க பேரும் இருக்கு. பொறந்த ஊரைத்தான் புழு தின்னுட்டுது."

அவள் முகம் செத்துப்போனது.

"அட, பதறாதீங்க! அவருக்குக் கல்யாணம் ஆனப்போ ஓரத்துல ஒரு குறிப்பு எழுதியிருக்காங்க. 'இந்த ஊரில் பிறந்தவர்'னு அதுல பளிச்சுன்னு இருக்கு. இதே ஊருதான். புழு அந்தப் பக்கம் போகல, நல்ல புழு."

அவள் சிரித்துவிட்டாள். வெந்நீரிலும் சலவைச் சோடாவிலும் தோலுரிந்த விரல்களால் மடியிலிருந்த பையைத் தடவினாள். உள்ளே மடிப்புக் கலையாமல் தேய்த்த ஒரு சட்டை. "வெளிய வரும்போது போட்டுக்கட்டும்னு சார். அழுக்குச் சட்டையில தெருவுல நடக்க மாட்டான், மானஸ்தன்."

அரைச்சாமி ஓட்டை இருந்த இடத்தில் 'இங்கே தாள் அரிக்கப்பட்டுள்ளது' என்று எழுதினார். ஓரக் குறிப்பை ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்து முதலாளியின் மேசையில் வைத்துவிட்டு வந்தார்.

அதற்குமேல் முதலாளியின் மெருகு வேலை. அங்கே வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பரம்பரைப் பெருமையைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டுகிறவர்கள். ஓட்டையை யார் சுவரில் மாட்டுவார்கள்? அதனால் முதலாளி அரித்த இடங்களைத் தோதாக நிரப்புவார்; ஓரத்தில் கிடப்பதை வெட்டுவார். யார் குடி முழுகிவிடப் போகிறது என்று அரைச்சாமியும் வாயை மூடிக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் அவள் ஓடிவந்தாள். கையில் அதே மொழிபெயர்ப்பு. குறுக்கே சிவப்புக் கோடு.

"நகல்ல ஓட்டை இருக்கு, இதுல எப்படி ஊர் பேரு வந்துச்சுன்னு கேக்கறாங்க சார். நாங்களே பொய்யா எழுதிக்கிட்டோமாம்!"

அரைச்சாமி தாளைப் பார்த்தார். ஓட்டை நிரம்பியிருந்தது. ஓரக் குறிப்பைக் காணோம். காதுவரை சூடேற, முதலாளி அறைக் கதவைத் தள்ளினார்.

"ஓரத்துல இருந்ததை ஏன்யா வெட்டினீங்க?"

"ஒரே பக்கத்துல அடங்கல."

"அடங்கலையா? ஒரு மனுஷனைக் கப்பலேத்தப் போறாங்கய்யா! நான் எழுதினதுக்கு முத்திரை போடுங்க, இப்பவே!"

"போட்டா முதல்ல குடுத்தது தப்புன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். என் உரிமம் போயிடும். கோபப்படாத அரைச்சாமி, போய் வேலையைப் பாரு." முதலாளி இழுப்பறையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"உங்க வேலையை நீங்களே பார்த்துக்குங்க!" தன் கையெழுத்துப் பிரதியையும் பூதக்கண்ணாடியையும் மட்டும் எடுத்துக்கொண்டு அரைச்சாமி அவளோடு கிளம்பினார்.

முகாம் அலுவலகத்தில் கம்பி ஜன்னலுக்குப் பின்னால் அதிகாரி இருந்தார். அரைச்சாமி தன் கையெழுத்துப் பிரதியை நீட்டினார்.

"முத்திரை எங்கே?"

"இதை மொழிபெயர்த்தவனே நான்தான் சார். வரிக்கு வரி இங்கேயே படிச்சுக் காட்டறேன்."

"எனக்கு லத்தீன் தெரியாது. முத்திரைதான் தெரியும்."

"போன தடவை முத்திரை இருந்துச்சே, அதைப் பொய்னு சொன்னீங்களே!"

"முத்திரை இருந்ததே பொய்யாப் போச்சு. இல்லாததை எப்படி நம்பச் சொல்றீங்க? தள்ளுங்க, பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க."

அடப்பாவி, என்றார் அரைச்சாமி, சத்தமாகவே. அதிகாரி நிமிரவில்லை. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "என் தம்பி, சார்?"

"காலையில கப்பல். ஏதாவது குடுக்கணும்னா பக்கத்து ஜன்னல்."

பக்கத்து ஜன்னலில் அவள் சட்டையை இரண்டு கைகளாலும் ஏந்திக் கொடுத்தாள். காவலாள் அதை உதறினான். காலரைத் திருப்பினான், பைக்குள் விரல் விட்டுத் துழாவினான். பிறகு சுருட்டிக் கசக்கி ஒரு சாக்குப் பைக்குள் திணித்து, வாயை இறுக்கக் கட்டி, முடிச்சின் மேல் அழுத்தமாக ஒரு முத்திரை வைத்தான்.